கடைமடை

கோரையாற்றுக் கரையில்
வண்டி இருமி நின்றது.
செருப்பில் பெட்ரோல் சொட்டு.
காக்குக்குக் கீழே டியூப்
கோடை வண்டலாய் வெடித்திருக்கிறது.
டேங்க் நிறைய இருந்தும்
கார்புரேட்டர் கடைமடை.

எட்டிப்பார்த்தவரைத்
தள்ளிப் போங்கண்ணே என்றேன்.
போனார், பீடியோடு.

பையில் கால்சியம் பாட்டில்,
ஏற்றுவதற்கு ஒரே ஒரு டியூப்.
கன்று போட்ட மாடு
எழவில்லையென்று
மூன்றாம் முறையாக போன்.

ஒரு சாண் வெட்டினேன்.
வாயில் வைத்துச் சூடாக்கி
நுழைத்து, கம்பியால் முறுக்கி,
காக்கைத் திறந்தால்
கண்ணுக்குத் தெரிய இறங்குகிறது.

போய்ச் சேர்ந்ததும் பார்த்தால்
உத்திரத்து ஆணியிலிருந்து
மாட்டின் கழுத்துக்கு
அந்த ஒரு சாண்தான் எட்டவில்லை.

பாட்டிலைக் கழற்றி
அரைமணி நேரம்
கையைத் தூக்கியபடி நின்றாள் செங்கமலம்.
என்ன சார், பெட்ரோல் வாடை?

மாடு தும்மியது.
காதை ஆட்டியது.