கழிவுக் கணக்கு

மேல ஆவணி மூல வீதியில்
எங்கள் கடைப் பலகை சின்னது.
துப்பாக்கி விற்கிற இடம் என்று
எதிர்ப் பூக்கடைக்காரருக்கே
நாலு வருஷம் கழித்துத்தான் தெரியும்.
தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் மட்டும்
வாசலில் வண்டிகள் நிற்கும்.
உரிமக்காரர்கள்
சாக்கில் சுற்றி, பழைய வேட்டியில் சுற்றி,
ஒருத்தர் கோரைப்பாயில் சுருட்டி
ஒப்படைக்க வருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நின்றாள் ஒச்சம்மாள்.
கருமாத்தூர்ப் பக்கம்.
"ஒப்படைக்க இல்ல, விக்க.
அப்பா போயி எட்டு மாசம்.
கலெக்டர் ஆபீஸ்ல தாள் வாங்கியாச்சு.
வெலய மட்டும் சொல்லுங்க."

போர்வையை விலக்கினேன்.
இஷாப்பூர் முத்திரை, நாற்பத்து நாலு.
பட்டாளம் சுட்டு முடித்து,
குழலைக் குடைந்து ரவைத் தோட்டாவுக்கு மாற்றி
ஏலத்தில் தள்ளிவிட்ட சாமான்.
அப்படியே கிடந்திருந்தால்
இன்றைக்கு அதற்கு ஒரு மரியாதை.

பேரேட்டில் எழுதிக்கொண்டு போனேன்:
முன்கட்டை பாதியில் அறுபட்டது, கழிவு.
நிக்கல் பூச்சு, சீர்வரிசைக் கூஜா மாதிரி மினுங்குவது,
பெருங்கழிவு.
தூரக்கண்ணாடி மாட்ட மூன்று துளை,
நடுத் துளை கோணல்.
கண்ணாடி கடைசிவரை மாட்டவே இல்லை.
பின்கட்டை ஒன்றரை அங்குலம் குட்டை, முனையில் ரப்பர்.
மாற்றியவர் பெயர்: தெரியவில்லை.

"இந்தத் திருகாணி?" என்று விரல் வைத்தாள்.
கட்டையின் குறுக்கே ஓடுகிற பித்தளைத் தலை.
"அது பட்டாளத்துப் பட்டறையில போட்டது,
மரம் பிளக்காம இருக்க.
அதுக்குக் கழிவு இல்லம்மா.
சில பேர் அதுக்காகவே கூடக் குடுப்பாங்க."
"அதுவும் ஓட்ட போட்டுத்தான முடுக்குனது?"
"ஆமா."
"சர்க்கார் போட்டா முத்திரை,
எங்கப்பா போட்டா பொத்தலா."
கோபம் இல்லை.
வாங்கும்போது செய்கூலியும்
விற்கும்போது சேதாரமும்
கொடுத்துக் கொடுத்துப் பழகின குரல்.

பிறகு உரிமப் புத்தகத்துக்குள்ளிருந்து
மடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தாள்.
எங்கள் கடை ரசீது.
பின்கட்டை அறுத்துத் தேய்க்க, நூற்றி எண்பது.
துளை மூன்றுக்கு நூற்றைம்பது.
கையெழுத்து என்னுடையது.
கோணல் துளைக்கும்
முழு ஐம்பது வாங்கியிருக்கிறேன்.

அப்போதுதான் முகம் பிடிபட்டது.
ஹவில்தார் பின்னத்தேவர்
பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பெண்ணை
இதே மேசை முன்னால் நிறுத்தி,
"கடலைக்காட்டுல பன்னி எறங்குது,
நான் இல்லாத ராத்திரிக்கி இவதான்,
இவ தோளுக்கு அளவெடு" என்றார்.
முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை
டேப் வைத்தேன்.
அவள் கூச்சத்தில் கையை இழுத்ததால்
இரண்டு தடவை அளக்க வேண்டியிருந்தது.

"ஒரு தோட்டாகூட நான் போடல," என்றாள்.
"தகரத்தத் தட்டுனா பன்னி ஓடிரும்.
அவருகிட்ட சொல்லிக்கிடல."

'தெரியவில்லை'யை அடித்துவிட்டு
'கடை' என்று எழுதினேன்.
என் பெயருக்கு
அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

"அறுத்த துண்டு இருக்கா?
இருந்தா ஒட்டிச் சேக்கலாம்.
வாங்குறவங்க நாலாயிரம் கூடத் தருவாங்க."
"இருக்கு. அம்மா கட்டில்ல ஒரு காலு ஆடும்,
அதுக்கு அடியில."
கொஞ்சம் யோசித்தாள்.
"நாலாயிரமா?"
"நாலாயிரம்."
"செங்கல் வச்சுக்கிரலாம்."

வியாழக்கிழமை மஞ்சப்பையில் கொண்டுவந்தாள்.
வால்நட் மரம், நிறம் மாறவில்லை.
ஆனால் மேல்பக்கம்
கட்டில் கால் இருபது வருஷம் உட்கார்ந்த பள்ளம்,
ஒரு ரூபாய் வட்டத்துக்கு.
முறைப்படி அதுவும் கழிவு.
ஐநூறு போட்டேன்.
அவள் பேசி முந்நூறாக்கினாள்.