முழங்கால் உயரம்

போன் வரைபடத்தில் யாரோ ஒரு விசரன்
சுண்டிக்குளத்து மணலுக்கு நடுவில்
நீர்வீழ்ச்சி என்று குத்தி வைத்திருந்தான்.
நாலு நட்சத்திரம். கருத்து ஒன்றுதான்:
காலமை போகவும்.

வழுக்கையாறே மழைக்குத்தான் ஆறு,
இதுக்குள்ள அருவியோ என்று அனற் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே சனிக்கிழமைக்கு லீவு போட்டான்.
டிலக்சியா இடியப்பம் கட்டினாள், சம்பல் தனியாக.
நான் தண்ணீர். பதினொரு போத்தல்.
அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு
அது கொஞ்சம் அவமானமாய்த்தான் இருந்தது.

மருதங்கேணி தாண்டி
கட்டைக்காட்டோடு தார் தேய்ந்து போனது.
டயர்க் காற்றில் பாதியை இறக்கினோம்.
பிறகு மோட்டார்சைக்கிளில் நாங்கள் போகவில்லை,
அதை நாங்கள் கொண்டுபோனோம்:
தள்ளி, தூக்கி, திட்டி.

மேட்டில் ஏற ஓரடி, சறுக்க ஒன்றரை.
இராவணன் மீசைகள் காற்றில் சுழன்று
எங்களை முந்திக்கொண்டு உருண்டன.
ஓரிடத்தில் அனற் சட்டென்று நின்றான்.
வரிசையாய்ச் சிறு குழிகள்,
சிவப்புத் தலைத் தடிகள் பிடுங்கிய இடங்கள்.
"துப்பரவாக்கீட்டாங்கள்தானே" என்றாள் டிலக்சியா.
"ஓம்" என்றான்.
இருந்தாலும் அவள் கால் வைத்த தடத்திலேயே
கால் வைத்து நடந்தான் கொஞ்சத் தூரம்.
நானும்.

மேட்டின் தலையிலிருந்து பார்த்தால்
ஒரு பக்கம் கடல்.
மறுபக்கம் மார்கழி மழை குடித்து வீங்கிய களப்பு,
பால் தேத்தண்ணி நிறம்,
அதில் பூநாரைகள் தலைகீழாய் எதையோ தேடிக்கொண்டு.
நடுவில் ஒரு பனை அகலத்துக்கு மணல்.
புள்ளி காட்டிய இடம் அதுதான்,
வெறும் மணல்.
"வடிவா ஏமாத்திப் போட்டான்."
இடியப்பத்தைப் பிரித்தோம். சம்பலில் நறநறவென்றது.

முதலில் கேட்டது டிலக்சியாவுக்கு.
பெரிய தாளொன்று கிழிபடுகிற மாதிரி.
களப்பு ஒரு விரலை நீட்டி
மணலைக் கீறிக்கொண்டிருந்தது.
விரல் கையானது. கை வாய்க்காலானது.
விளிம்பு இடிந்து இடிந்து விழ
அத்தனை பால் தேத்தண்ணியும்
கடலுக்குள் குதித்தது, முழங்கால் உயரத்திலிருந்து.

சத்தியமாய் நீர்வீழ்ச்சி.
நுரை இருந்தது, இரைச்சல் இருந்தது.
வானவில் இல்லை, அதற்கு உயரம் காணாது.
தள்ளுப்பட்டு வந்த மீனுக்கு ஆலாக்கள் சண்டை பிடித்தன.
டிலக்சியா சப்பாத்தோடேயே இறங்கினாள்.
இந்த அருவிக்குக் கீழே நிற்க ஏலாது,
குந்தத்தான் ஏலும். குந்தினாள்.
தலையில் விழட்டும் என்று முதுகை வளைத்து,
கத்திக்கொண்டு.
கரை இடிந்து அனற் ஒருமுறை
கடலுக்குப் போய்த் திரும்பி வந்தான்,
ஒற்றைச் செருப்போடு.

ஒரு மணிபோலக் கடல் ஏறியது.
அருவி நின்றது என்றும் சொல்ல முடியாது.
விழ இடமில்லாமல் போயிற்று.

திரும்பும்போது பதினொரு போத்தலும் காலி.
பின்னால் இருந்துகொண்டு போனை எடுத்தேன்,
ஐந்து நட்சத்திரம் குத்தத்தான்.
செருப்பை நினைத்து நாலரை தேடினேன்.
அரை இல்லை.
நாலு போட்டேன்.

அந்த விசரனும்
எதையோ அங்கே விட்டுவிட்டுத்தான் வந்திருப்பான்.