ஒன்று குறைகிறது

மொத்தம் அறுநூற்று நாற்பத்திரண்டு.
பெண்கள் நானூற்றுப் பதினெட்டு,
ஆண்கள் இருநூற்று இருபத்து நான்கு.
இதுவரை சரி.
வகுப்புவாரியாகக் கூட்டினால்
அறுநூற்று நாற்பத்தொன்றுதான் வருகிறது.
திரை சிவப்பாக ஒரு வரி காட்டி மறுக்கிறது.

மண்டபத்தில் கச்சான் அடிக்கிறது.
ஜன்னலைச் சாத்தினாலும் விசைப்பலகைக்குள் மணல்.
ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டு கல்லூரிகளில்
நாங்கள் மட்டும்தான் பாக்கியாம்,
பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று முறை போன்.

திரும்பவும் முதல் வரியிலிருந்து போகிறேன்.

தடைக்காலத்தில் விண்ணப்பம் வாங்கிய பையன்கள்
நூற்று அறுபது பேர்.
ஜூன் பதினைந்தில் விசைப்படகு இறங்கியது.
மாத முடிவில் கட்டணம் கட்டியவர்கள் எழுபத்தொன்று.
நம்புராஜனின் ரசீது இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது,
முன்பணம் ஐந்நூறு,
ஐஸ் தண்ணீர் பட்டுக் கரைந்த கையெழுத்து.
அவனுக்கென்று இதில் பத்தி கிடையாது.
இடைநின்றவர் என்பதெல்லாம்
சேர்ந்தவர்களுக்குத்தான்.

பி.சி.எம். நூற்று முப்பத்தெட்டு.
அதில் பெண்கள் நூற்று முப்பத்தொன்று, ஆண்கள் ஏழு.
மற்றவர்கள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள்.

கடல் உயிரியலில் இருபத்திரண்டு பேர்.
பதினான்கு பேர் நாமக்கல், தர்மபுரி,
கடலைப் பார்த்ததும் செல்போனை எடுத்தவர்கள்.
இங்கத்துப் பிள்ளைகள் வணிகவியல்தான் கேட்கிறார்கள்.
ஏன் என்று சகாய ஜெனிட்டாவிடம் கேட்டேன்.
"அதுல என்னக்கா புதுசா சொல்லித் தரப் போறாங்க?"

அவளும் அவள் பெஞ்சுக்காரிகளும்
அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருவதில்லை.
வத்தம் பார்த்துப் பாசி எடுக்கப் போவார்கள், அம்மாக்களோடு.
வருகைப் பதிவேட்டைச் சுவரில் மாட்டினால்
காலண்டர் வேண்டியதில்லை.

தகப்பனார் தொழில்:
மீன்பிடி, மீன்பிடி, சவூதி, உப்பளம், மீன்பிடி.
ஒருவன் யாழ்ப்பாணம் சிறை என்று எழுதி
அதை அடித்து
மேலே மீன்பிடி என்று எழுதியிருக்கிறான்.
நானும் பொய் சொன்னவள்தான்.
சாயல்குடிப் பக்கம் அப்பா போட்ட கரிமூட்டத்துக்கு
இதே படிவத்தில் ஒரு காலத்தில்
விவசாயம் என்று எழுதினேன்.
கருவேலமும் செடிதானே.

கடைசியில் கிடைத்தாள்.
வரிசை எண் முந்நூற்றெட்டு,
தர்சிகா, கணினி அறிவியல், முதலாண்டு, முகாம்.
வகுப்பு என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

ஓ.சி.யில் நான்கு பேர் இருக்கிறார்கள்.
அதில் மூன்று பேர் முகாம்தான்.
சாதிச் சான்றிதழ் இல்லாதவர்
இங்கே முன்னேறியவர்.

கூப்பிட்டனுப்பினேன். வந்தாள்.
"பத்துக்குப் பத்து வீட்டில ஆறு பேர் அக்கா.
முன்னேறின ஆக்கள் எண்டு நானே எழுதினால்
அம்மா சிரிப்பா."

பிறந்தது இங்கேதான், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
நாட்டினம் என்ற கட்டத்தையும் விட்டிருந்தாள்.
அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை,
அதனால் இத்தனை நாள் தெரியவில்லை.

நானே போன் போட்டுச் சொன்னேன்.
"ஒண்ணுதானம்மா, எதுலயாவது போட்டு விடுங்க."

நாலு ஐம்பத்தாறு.
ஓ.சி. நான்கை ஐந்தாக்கினேன்.
சிவப்பு போய்ப் பச்சை வந்தது.
நன்றி, உங்கள் விவரம் ஏற்கப்பட்டது.

மறுநாள் பேருந்துச் சலுகைப் படிவம் வாங்க
அவளே வந்து நின்றாள்.
ஆறாவது கேள்வி, அதே கேள்வி.
பேனா இருக்கா அக்கா என்றாள்.
நீட்டினேன்.
மதில் சுவர்மேல் தாளை வைத்து,
கச்சான் பறித்துவிடாமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு,
ராமேஸ்வரம் பஸ் வந்து போன பிறகும்
அப்படியே நின்றிருந்தாள்.