உப்புக் கிண்ணம்

சமாரியாவின் அரண்மனைப் பின்கட்டில்
ஏழு அடுப்புகள். நான்காவது என்னுடையது.
மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே கூச்சல் கேட்டது:
பிடிபட்டுவிட்டார்கள், சீரியர் படை முழுவதும்,
ஒரே ஒரு கிழவர் பின்னால்
கண் தெரியாமல் தட்டுத்தடுமாறி
நகர வாசலுக்குள் தாங்களே நடந்துவந்து.

மாவுக் கையோடு ஓடினேன்.
நல்லது, என்றேன். நல்லது, நல்லது.
வாள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

தோத்தானுக்குக் கீழே களத்துமேட்டில்
எல்தாத்தை அவர்கள் வெட்டியது
வாற்கோதுமை தூற்றும் நாள்.
பதரும் மணியும் அவன்மேல் சேர்ந்தே விழுந்துகிடந்தன.
நான் எதையும் பிரிக்கவில்லை.

முற்றத்தில் அவர்கள் கண் திறந்தபோது
முதலில் பார்த்தது எங்கள் முகங்களை.
ஒருவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.
ராஜா கேட்டார்: வெட்டவா?
பதிலுக்குப் பொறுக்காமல் இன்னொரு முறை: வெட்டவா?
பலகாரத் தட்டைப் பார்த்த பிள்ளையின் குரல்.
தீர்க்கதரிசி வழுக்கையைத் தடவிக்கொண்டார்.
இவர்களைப் பிடித்தது உன் வில்லா?
சாப்பாடு போடு. தண்ணீர் கொடு. அனுப்பிவிடு.

அவ்வளவுதான்.
சொன்னவருக்கு வாய் வார்த்தை.
சுட வேண்டியது நான்.

ஷாஷாக் முனகிக்கொண்டே களஞ்சியத்தைத் திறந்தான்.
நாற்பது, எண்பது, நூற்றிருபது அப்பம்.
ஒவ்வொன்றையும் அடுப்புச் சுவரில் அறைந்தேன்,
ஒவ்வொருவன் கன்னத்திலும் அறைவதாய் நினைத்து.
அறைந்தாலும் உப்பின.
மாவுக்கு என் கோபம் தெரியவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒருவன்.
இடுப்பில் எல்தாத்தின் கச்சை.
கொக்கி பிய்ந்த இடத்தில் நீல நூல்,
என் தையல்.

அப்பத்தை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.
விஷம் என்று நினைத்தான்.
அது எனக்குத் தோன்றாமல் போனதே என்று
ஒரு கணம் என்மேலேயே எரிச்சல்.
பிட்டு, உப்பில் தொட்டு, நான் ஒரு வாய் தின்றேன்.
பிறகு அவன்.
பிறகு என் முகம் பாராமலே இன்னொன்று கேட்டான்.
கொடுத்தேன்.

மன்னித்தேனா என்று கேட்காதீர்கள்.
அவன் அழவில்லை. காலில் விழவில்லை.
கச்சையை அவிழ்த்துத் தரவில்லை.
மாலையில் எல்லோரும் வடக்கே போனபின் பார்த்தால்
என் உப்புக் கிண்ணத்தைக் காணோம்.

ஷாஷாக் மூன்று நாள் சிரித்தான்.
எனக்கும் வந்துவிட்டது சிரிப்பு,
களத்துமேட்டுக்குப் பிறகு முதல் தடவையாக,
அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு.

கொள்ளைக் கூட்டங்கள் அதன்பின் வரவில்லை.
விதைத்தவர்களே அறுத்தார்கள்.
நன்றியா, வெட்கமா, அவர்களுக்கு வேறு வேலையா,
யார் கண்டது.

இப்போது வந்திருக்கிறார்கள்.
கூட்டமாக அல்ல, ராஜாவோடு, மதிலைச் சுற்றி.
ஒரு கழுதைத் தலை எண்பது வெள்ளிக்காசு.
ஆறிப்போன என் அடுப்பில் பூனை படுத்திருந்தது;
போன வாரத்திலிருந்து அதுவும் இல்லை.
வழியில் என்னைக் கண்டால் ஷாஷாக்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்,
அந்த நூற்றிருபதையும் நானே தின்றுவிட்டதுபோல.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பார்களாம்.
வெளியே எந்தக் கூடாரத்திலோ என் கிண்ணம் இருக்கும்.
இன்றிரவு எவனோ அதில் விரல் தொட்டு நக்குவான்.
நினைப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.
உப்பு கரித்தால் போதும்.

தூக்கம் வராமல் மதில்மேல் ஏறுகிறேன்.
இருட்டில் அவர்கள் மூட்டிய நெருப்புகள்.
எண்ணுகிறேன். பயத்தில்தான் தொடங்குகிறேன்:
ஒரு நெருப்புக்கு எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு.
பாதியில் கவனிக்கிறேன்,
விரல்கள் மடங்கி மடங்கி
மாவு எத்தனை மரக்கால் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன.