தார்

ரொக்கெட் என்று பேர் வைத்தது
பதின்மூன்று வருடத்துக்கு முதல்.
இப்போது மூன்றாம் மாடிக்கு ஏற
ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு யோசனை.

வெள்ளி இரவு வாந்தி.
மஞ்சள் நுரை, அதற்குள் கொஞ்சம் புல்.
நாய்தானே, தின்னும், கக்கும், சரியாகும்
என்று பழைய துவாயால் துடைத்தேன்.

சனி காலை வயிற்றால் போனது,
சுமணாவதி வீட்டுக் கால்மிதியில்.
மன்னிப்புக் கேட்டேன். டெட்டோல் ஊற்றினேன்.
பின்னேரம் குழையக் காய்ச்சிய சோறு,
தோல் உரித்த கோழி, உப்பில்லை, எண்ணெயில்லை.
முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது,
பில்லில் பிழை கண்ட வாடிக்கையாளர் மாதிரி.

ஞாயிறு போயா.
காலி வீதியில் வெள்ளை உடுத்த சனம்.
தெஹிவளைக் கிளினிக்கில் பூட்டு.
நாளைக்குப் பார்ப்பம் என்றேன்
பூட்டிடம்.

இரவு உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
முரசு இளஞ்சிவப்பாய் இருக்க வேண்டுமாம்.
இருந்ததோ, கழுவிக் கழுவி வெளுத்த
பள்ளிக்கூட ரிபன் நிறம்.
பிடரித் தோலைக் கிள்ளி விட்டேன்.
கூடாரமாய் நின்று,
அவசரமே இல்லாமல் படுத்தது.
காலையில் வைத்த தண்ணீர் அப்படியே,
ஒரு நுளம்பு மிதந்தபடி.

இவ்வளவையும் பார்த்துவிட்டு
விடியட்டும் என்று இருந்தவள் நான்.
எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

நாலரைக்கு பல்கனியில்,
கறுப்பாய்,
பசையாய், மினுங்கிக்கொண்டு,
இதுவரை மணக்காத ஒரு நாற்றம்.

பெட்ஷீட்டின் இரண்டு நுனி எனக்கு,
இரண்டு நுனி ஓட்டோக்கார நஸ்லிம் நானாவுக்கு.
நடுவில் ரொக்கெட்
படிக்குப் படி ஆடிக்கொண்டு இறங்கியது.
சீட் பழுதாகிவிடும் என்றேன்.
"கழுவினால் போச்சு மிஸ், ஏறுங்க."

நாரஹேன்பிட்டியில் இரவிலும் லைட் எரியும் ஆஸ்பத்திரி.
டொக்டர் சின்னப் பெண். சிங்களம்.
என்னுடையது புறக்கோட்டைக் கடைச் சிங்களம்:
ஆணி, சிமெந்து, மீதிக் காசு.
நாயின் குடலுக்கு அதில் சொல் இல்லை.
களு, களு என்றேன்,
விரலோடு விரலை ஒட்டி இழுத்துக் காட்டினேன்.
அவள் கேட்டாள்:
"தார வகேத?"

தார்.
இரண்டு பாஷைக்கும் ஒரே தார்.
ஓம் ஓம், ரோட்டுக்கு ஊற்றுகிற அதே தார்.
சொல் கிடைத்த சந்தோசத்தில்
சிரித்துக்கூடவிட்டேன்.

அவளுடைய பேனா நின்றது.
குளிசை ஏதாவது கொடுத்தீர்களா?

கால் நோவுக்கு என்றுதான்.
என் முழங்காலுக்குத் தந்தது, பாதி பாதியாய்,
சீஸ் துண்டுக்குள் ஒளித்து,
நாலு நாள்.
வாலை ஆட்டி ஆட்டி வாங்கித் தின்றது.

அவள் ஏசவில்லை.
ஏசியிருந்தால் நல்லம்.
உள்ளே புண், இரத்தம் கசிகிறது,
மனுசக் குளிசை நாய்க்கு நஞ்சு,
இந்த வயதில் ஒரு நாள் பொறுத்ததே அதிகம்
என்று மெதுவாய்ச் சொன்னாள்,
எனக்கு விளங்கக்கூடிய சிங்களத்தில்.
பிழைக்குமா என்று கேட்டேன்.
இரத்தப் பரிசோதனை வரட்டும் என்றாள்.

சேலைன் இறங்குகிறது.
முன்காலில் மழித்த சிறு சதுரம்.
நரை மயிருக்குக் கீழே
தோல் இன்னும் குட்டியின் தோல்.

வெளியே வாளித் தண்ணீர் வீசும் சத்தம்.
ஒன்பதுக்கு முதலாளி போன் எடுப்பார்.
நாய்க்கு வயிறு சரியில்லை என்று சொல்ல வேண்டும்.
சிரிப்பார்.