படகின் பின்பாதி

வரிப் படிவத்தில் ஒரு கட்டம்:
பணியிட முகவரி.
இருபத்திரண்டு வருடமாக
'வெளியே' என்று எழுதுகிறேன்.
ஒரே ஒருமுறை கேட்டார்கள்,
எதற்கு வெளியே என்று.

மே மாதக் கடைசி. பண்டி விரிகுடா.
காலை ஆறரைக்குக் கடல் இங்கே இல்லை;
எங்கோ போயிருக்கிறது.
துறையின் அடியில் சேறு மட்டும்.
அதில் பேசில் கோமோவின் பச்சைப் படகு
மரச்சுவரில் தோள் சாய்த்து நிற்கிறது,
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன் போல.

வெள்ளைக் குழாய் குளிரில் விறைத்திருந்தது.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
தாங்கியின் மூன்று கால்களை விரித்தேன்,
காற்றுக்குப் பயந்து
நடுவே ஒரு பை கல்லைத் தொங்கவிட்டேன்.

சேறு பழுப்பு என்பவர்கள்
சேற்றைப் பார்த்ததில்லை.
செங்கல்லை அரைத்து
அதில் கொஞ்சம் ஊதாவைத் திருடிப் போட்டு
வானம் விழுந்து கிடக்கும் இடங்களில் மட்டும்
ஈயம்.

பெட்டி மூடியின் உள்பக்கம்
என் கையெழுத்திலேயே ஒரு கட்டளை:
நிழலைத் துரத்தாதே.
ஏழு மணிக்கு எங்கே விழுந்ததோ
அங்கேயே அறைந்துவிடு.
துரத்திய வருடங்களில்
இரண்டு சூரியன்கள் உள்ள படங்கள் நிறைய வரைந்தேன்.
அவற்றில் ஒன்று இப்போது
கோழிக்கூட்டுக்குக் கதவு.

ஹாலிபாக்ஸில் படக்கடை வைத்திருக்கும் லோன்ஸ்
நூற்றுக்கு நாற்பத்தைந்து எடுத்துக்கொள்வார்.
சட்டம் என் செலவு, பெட்ரோல் என் செலவு.
மிதக்கிற படகு விற்கும்,
சேற்றில் நிற்பது விற்காது:
இந்த அறிவுரை மட்டும் இலவசம்.

போன வருடம் டொராண்டோவிலிருந்து
ஒரு அம்மாள் எழுதினார்.
நீங்கள் வரைந்த வானத்தில்
ஒரு பூச்சி ஒட்டியிருக்கிறது,
பணம் திரும்பக் கிடைக்குமா?
ஜூன் மாதம், அம்மா,
அந்த வானத்தில் அது இருந்தது
என்று பதில் போட்டேன்.
பணத்தையும் அனுப்பினேன்.
அந்த மாத வாடகையில்
ஒரு பூச்சி குறைந்தது.

எட்டே முக்கால்.
தண்ணீர் வந்துவிட்டது, சத்தமில்லாமல்,
கடனைக் கேட்க வருபவன் மாதிரி அல்ல,
கடன் வாங்க வருபவன் மாதிரி.
என் பலகையில் முன்பாதி முடிந்திருந்தது.
பின்பாதியில் வெறும் காவி அடிப்பூச்சு.
படகு தோளை நிமிர்த்தியது.
ஒரு குலுக்கல்.
கோமோ ஏணியில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார்.
இன்னும் இருபது நிமிடம், என்று கத்தினேன்.
அவர் கடிகாரத்தைக் காட்டவில்லை,
தண்ணீரைக் காட்டினார்.
அவருக்கும் அதே முதலாளி.
சிங்கி இறாலுக்குக் கடைசி வாரம் வேறு.

தினமும் ஐம்பது நிமிடம் பிந்தி வருகிற கடல்
அதே சேற்றை அதே வெளிச்சத்தில்
திரும்பக் கொண்டுவந்து வைக்கப்
பதினைந்து நாளாகும்.
காத்திருந்து போனேன்.

படகு நீலம்.

"சீசன் முடிஞ்சுது. ரெண்டு பூச்சு அடிச்சுட்டேன்."
கோமோவின் கையில் இன்னும் தூரிகை,
நாலு அங்குல அகலம்.
என்னுடையதைப் பார்த்து இரக்கப்பட்டார்.
பிறகு கொட்டகைக்குள் போய்
பழைய டப்பாவின் மூடியோடு வந்தார்.
"உங்க பச்சை, இதோ."

படத்தருகே பிடித்துப் பார்த்தோம்.
பொருந்தவில்லை.
நான் வரைந்திருந்தது
சேற்றின் சிவப்பைக் குடித்துக் குடித்து
ஏறக்குறையக் கறுத்துப்போன ஒன்று.
"இது என் படகில்லையே."
"அன்னிக்குக் காலையில் இருந்தது."

அவர் வெகுநேரம் பார்த்தார்.
மூடியை ஒருமுறை வெயிலில் திருப்பினார்,
ஒருமுறை தன் நிழலில்.
"பின்னால, மூணாவது பலகையில ஒரு வெட்டு உண்டு.
நான் பூசி மறைச்சுட்டேன்.
நீங்க வைங்க."

பின்பாதியை நீலமாகவே வரைந்தேன்,
வெட்டோடு.
பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே
ஒரு விரல் காவியைத் தொடாமல் விட்டேன்.
லோன்ஸ் என்ன சொல்வார் என்று தெரியும்.

படம் பின்னிருக்கையில் மல்லாந்து கிடக்கிறது.
டர்பன்டைன் நெடி தாங்காமல்
கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுகிறேன்.
வெள்ளை இன்னும் காயவில்லை.
ஒரு ஈ உள்ளே வந்துவிட்டது.