துறை மாற்றம்

மண்டூர்த் துறையில்
ஆறே முக்கால் பாதைக்கு நிற்கிறேன்.
பாதை என்றால் எங்களுக்கு வீதியல்ல.
இரும்புத் தட்டு, கீழே மிதவைகள், இருமும் எஞ்சின்,
மோட்டார் சைக்கிள்கள் பதினொன்று,
கன்றுக்குட்டியோடு ஒருவர்,
நான்,
என் பையில் நாலாய் மடித்த ஒரு படிவம்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.
இணைந்த கணிதத்திலிருந்து வர்த்தகத்துக்கு.
பெயர், சுட்டெண், பெற்றோர் கையொப்பம்
எல்லாம் முடிந்தது.
அரிசி ஆலையிலிருந்து வந்த கையோடு
தவிட்டு விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு
அம்மா ஒப்பம் வைத்தாள்.
"மறுகா என்ன செய்யப்போற?" என்றாள், அவ்வளவுதான்.
திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

'காரணம்' என்ற இடத்தில் மட்டும்
மூன்று புள்ளிக் கோடுகள் காத்திருக்கின்றன.

கடினம் என்று எழுதலாம்.
முப்பத்தொரு பேராய்த் தொடங்கி
ஒன்பதாய்க் குறைந்த வகுப்பில்
அது ஒரு செய்தியே அல்ல.
இருபத்து மூன்று என்று எழுதலாம்,
இரண்டாம் தவணைப் புள்ளி.
தனுக்ஷிகா போன மாதமே போய்விட்டாள்.
கணக்கீட்டில் எழுபத்தெட்டாம்.
இரவில் தூங்குகிறாளாம்.
பெருமைக்காக அதைச் சொல்லவில்லை அவள்,
அதனால்தான் எனக்குப் பொறாமை.

கட்டாரிலிருந்து அண்ணன் அனுப்பும்
டியூசன் காசு என்று எழுதலாம்.
அவன் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை.
ஒருமுறை வட்ஸ்அப்பில் கேள்வியொன்றை அனுப்பச் சொல்லி
நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டான்:
"இதில எழுத்துத்தானே கிடக்கு, இலக்கம் எங்க?"

உள்ள காரணம் மூன்று கோட்டில் அடங்காது.
சாதாரணதரத்தில் ஒன்பது ஏ எடுத்தபோது
சந்தியில் என் படத்தோடு பதாகை கட்டினார்கள்.
மழைக்கு வெளுத்த அது இப்போது
யாரோ வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கூரை.
அந்தப் பிள்ளை கையை உயர்த்துவாள்.
இந்தப் பிள்ளை,
சேர் பலகையிலிருந்து கிறுகும்போதெல்லாம்
குனிந்து பென்சில் தேடுகிறாள்.
விளங்காததல்ல பயம்.
விளங்கவில்லை என்பது
மற்ற எட்டுப் பேருக்கும் தெரிந்துவிடுவது.

பாதை அசைகிறது.
நேற்றுப் பாதியில் விட்ட கேள்வி
பல்லிடுக்கு நாராய் உறுத்துகிறது.
ஆற்றின் அகலம் தந்திருக்கிறார்கள்,
ஓட்டத்தின் வேகம் தந்திருக்கிறார்கள்.
நேரெதிர்க் கரையை அடைய
படகு எந்தத் திசையில் செலுத்தப்பட வேண்டும்?

எழுதியவர் எங்கள் வாவியைக் கண்டதில்லை.
நாங்களும் இதை ஆறு என்றுதான் சொல்கிறோம்,
ஆனால் இது எங்கும் ஓடாது.
மாரியில் முகத்துவாரம் வெட்டினால் கொஞ்சம் நகரும்.
மற்றநாளெல்லாம்
நேராய்ப் போக நினைத்தால்
நேராய்ப் போய்விடலாம்.
ஆனாலும்.

கொப்பி பையின் அடியில்.
கைக்கு வந்தது படிவம்.
பின்பக்கம் முழுக்க வெள்ளை.

மோட்டார் சைக்கிள் சீற்றில் அதை விரித்து
வேக முக்கோணி வரைகிறேன்.
கன்று என் பாவாடையை நக்குகிறது.
முதல் வரி சரி. இரண்டாவது சரி என்றுதான் நினைக்கிறேன்.
சைன் பெறுமானம் ஒன்றைத் தாண்டிப் போகிறது.
அப்படியொரு கோணம் உலகத்தில் இல்லை.
நடுவாவியில்
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கேயோ ஒரு சயக்குறி
தவறித் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறது.

குறுமண்வெளிக் கரை முட்டுகிறது.
வெயில் நேரே கண்ணில் ஏறுகிறது.
கன்று இறங்குகிறது, சைக்கிள்கள் உறுமி இறங்குகின்றன,
சீற்றுக்குச் சொந்தக்காரர்
என் தாளைப் பக்குவமாய்த் தூக்கிக் கையில் தருகிறார்.
எஞ்சின்காரர் கேட்கிறார்:
"இறங்கல்லயா புள்ள? மறுகா அங்கால போகப்போறம்."

"ஒரு நிமிசம் அண்ணே."

இரண்டாம் வரியில்தான்.
இல்லை, மூன்றாவதில்.